பொதுவசதி மையம்: மானியம் கேட்பதற்கு முன்னும் பின்னும்

சேலத்தில் வெள்ளிக் கொலுசு, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, நத்தத்தில் சட்டை, கோவில்பட்டியில் தீப்பெட்டி. ஒரே பொருளை ஊரே சேர்ந்து செய்யும் இடங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் எல்லாப் பட்டறைக்கும் தேவைப்படுகிற, ஆனால் எந்தப் பட்டறையும் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாத ஏதாவது ஒன்று இருக்கும். பரிசோதனைக் கூடமாக இருக்கலாம், வெப்பப் பதனிடும் உலையாக இருக்கலாம், கழிவுநீர் சுத்திகரிப்பாக இருக்கலாம். அது ஊரில் இல்லாததால் சரக்கு வண்டியேறி வெளியூர் போய்த் திரும்புகிறது. பல நேரம் பெரிய ஆர்டரே கைவிட்டுப் போகிறது.

தனி ஒருவருக்குக் கிடைக்கும் மானியம் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும். பொதுத் தேவைக்குக் கிடைக்கும் மானியம் ஊரின் வேலைத் தரத்தையே ஒரு படி ஏற்றும். அதனால்தான் இந்த நூலில் பொதுவசதி மையத்துக்கு மட்டும் ஓர் அத்தியாயம் முழுமையாக ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் மானியத்தில் கட்டிய கட்டடம் பூட்டிக் கிடப்பதும், உறை பிரிக்காத இயந்திரம் துருப்பிடிப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. அப்படிக் கிடக்கும் மையங்கள் பெரும்பாலும் பணம் வருவதற்கு முன்பே தோற்றவை. எதற்கு இயந்திரம், யார் ஓட்டுவது, மாதச் செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்விகளைத் தள்ளிப்போட்டவை. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே முதலில் எடுத்துக்கொள்கிறோம். விண்ணப்பப் படிவம் பிறகு.

எந்தத் திட்டம் யாருக்கு

தொழில் குழுமம், அதாவது எல்லாரும் சொல்கிற கிளஸ்டர், 1990-களின் பிற்பகுதியில்தான் மத்திய அரசின் சிறுதொழில் கொள்கைக்குள் வந்தது. 1997-இல் ஆபித் உசேன் குழு கொடுத்த அறிக்கை அதற்கு முக்கிய உந்துதல். இன்று நம் ஊர்களுக்குப் பெரிதும் பயன்படுவது குறு, சிறு நிறுவனங்களுக்கான குழும வளர்ச்சித் திட்டம். எம்.எஸ்.இ.-சி.டி.பி. என்று அலுவலகங்களில் சொல்வார்கள்.

இதன் 2022 நெறிமுறைப்படி, 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையிலான பொதுவசதி மையத்துக்கு மத்திய அரசு 70 விழுக்காடு தருகிறது. 10 கோடிக்கு மேல் 30 கோடி வரை என்றால் 60 விழுக்காடு. முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு இது முறையே 80, 70 என்று உயரும். தமிழ்நாட்டில் விருதுநகரும் இராமநாதபுரமும் அந்தப் பட்டியலில் உள்ளன. எஞ்சியதில் மாநில அரசு ஒரு பங்கு போட, உறுப்பினர்கள் பொதுவாகப் பத்து விழுக்காடு போடுவார்கள்.

கைத்தொழிலாளர்கள் அதிகமுள்ள ஊர் என்றால் பாரம்பரியத் தொழில்களுக்கான ‘ஸ்பூர்த்தி’ திட்டம் பொருந்தும். 2005-இல் தொடங்கியது. 500 கைவினைஞர் வரை உள்ள குழுமத்துக்கு 2.5 கோடி ரூபாய், அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 5 கோடி என்பது அதன் உச்சவரம்பு. காதி கிராமத் தொழில் ஆணையம், கயிறு வாரியம் போன்ற அமைப்புகள் வழியாக இது நடக்கிறது. உணவு பதப்படுத்துவோருக்கு 2020-இல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் குழுவாகச் சேர்ந்து பொதுக் கட்டமைப்பு அமைத்தால் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3 கோடி வரை கிடைக்கும். இது வங்கிக் கடனோடு இணைந்த மானியம் என்பதை மறக்க வேண்டாம். தொகை சிறியதாக இருந்தால் மத்திய அரசின் கதவைத் தட்டுவதற்கு முன், குறுங்குழுமங்களுக்கென்று மாநில அரசு வைத்திருக்கும் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

விழுக்காடும் உச்சவரம்பும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலிருக்கும் நெறிமுறையை முழுதாக வாங்கிப் படியுங்கள். ஆலோசகர் எடுத்துச் சொன்னதைக் கேட்டுத் திருப்தியடைய வேண்டாம்.

கட்டாயத் தேவை எது

உறுப்பினர்களைக் கூட்டி ‘என்ன இயந்திரம் வேண்டும்’ என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கண்காட்சியில் பார்த்தது, போட்டியாளர் வாங்கியது, விற்பனையாளர் ஆசை காட்டியது எல்லாம் பட்டியலில் ஏறும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, கடந்த ஓராண்டில் எந்த வேலையை வெளியே கொடுத்தீர்கள், எவ்வளவு பில் கட்டினீர்கள், எந்த ஆர்டரை ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். ஜாப் ஒர்க் பில்களை எடுத்துவரச் சொல்லுங்கள். முப்பது பேரின் பில்களை ஒரு மேசையில் பரப்பினால் ஊரின் உண்மையான தேவை கண்ணில் படும்.

நீடித்து ஓடும் மையங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். அந்த வசதி இல்லாமல் தொழிலே நடக்காது. கோவையில் பம்ப் உற்பத்தியாளர்களின் சங்கமான ‘சீமா’ உருவாக்கிய ‘சிட்டார்க்’ பரிசோதனை மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பம்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையோ மின்சிக்கன நட்சத்திரக் குறியோ வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் சோதித்த சான்று வேண்டும். சிறு பட்டறைக்காரர் தனக்கென்று அப்படி ஒரு கூடம் கட்ட முடியாது. சான்று இல்லாமல் விற்கவும் முடியாது. ஆகவே மையத்துக்கு வேலை வந்துகொண்டே இருக்கும்.

திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய ஆலைகளால் மட்டுமே மீண்டும் இயங்க முடிந்தது. பொது நிலையங்கள் அந்த நிலைக்கு வர மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. செலவு மிகுந்த நிலையங்கள்தான். ஆனாலும் அவை ஓடாவிட்டால் சாயத் தொட்டியில் துணி இறங்காது என்பதால் உறுப்பினர்கள் கட்டணம் கட்டி ஓட்டுகிறார்கள்.

இரண்டிலும் தரச்சான்றோ சட்டமோ பின்னால் நின்று தேவையை உறுதிசெய்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். வாங்குபவர் கேட்கும் சான்று, ஏற்றுமதி நாட்டின் விதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அதையே மையத்தின் முதல் பணியாக வையுங்கள். இருந்தால் நன்றாக இருக்கும் என்ற வகைத் தேவைகளை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

புதிய வடிவமைப்பையோ செய்முறையையோ இன்னும் யாரும் செய்து பார்க்கவில்லை என்றால் நேராக மையத்துக்குப் போக வேண்டாம். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் இன்னோவேஷன் வவுச்சர் திட்டத்தில் தொடக்கநிலைச் சோதனைக்கு 2 லட்சம், அடுத்த நிலைக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர் ஒருவர் பக்கத்துப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து மாதிரியைச் செய்து, அது வேலை செய்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும். 2 லட்சத்தில் தெரிந்துகொள்ள முடிந்ததை 6 கோடியில் தெரிந்துகொள்வானேன்?

மணிக்கணக்கு

மானியம் இயந்திரம் வாங்கும், கட்டடம் கட்டும். மையத்தை ஓட்டுவதால் வரும் எந்த நிதிப் பொறுப்பையும் மத்திய அரசு ஏற்காது என்று நெறிமுறையே சொல்கிறது. அனுமதித்த தொகைக்கு மேல் விலை ஏறினாலும் அந்த வித்தியாசம் உங்கள் தரப்பின் பாடு. ஆகவே இந்தக் கணக்கை ஆடிட்டர் போடுவதற்கு முன் நீங்கள் போட்டுவிட வேண்டும்.

கற்பனையாக 6 கோடி ரூபாயில் ஒரு மையம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு 4 கோடியே 20 லட்சம், மாநில அரசு 20 விழுக்காடு என்று கொண்டால் 1 கோடியே 20 லட்சம், உறுப்பினர்கள் 60 லட்சம். முப்பது பேர் என்றால் ஆளுக்கு 2 லட்சம். இதுவரை எல்லாருக்கும் மகிழ்ச்சிதான்.

இனி மாதச் செலவு. ஆபரேட்டர்கள், மேலாளர் சம்பளம் 1,60,000. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான மின்கட்டணம் 70,000. பராமரிப்பு 50,000. காப்பீடு, தணிக்கை, காவல் 40,000. பழைய இயந்திரத்துக்குப் பதில் புதியது வாங்க ஒதுக்கும் தொகை 1,80,000. மொத்தம் 5 லட்சம். மாதம் 25 நாள், இரண்டு ஷிப்ட் என்றால் 400 மணி நேரம் கையில் இருக்கிறது. அதில் 120 மணி நேரம் மட்டும் வேலை வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 4,167 ரூபாய் அடக்கம் ஆகும். 200 மணி நேரம் வந்தால் 2,500. 320 மணி நேரம் வந்தால் சுமார் 1,560.

தனியார் பட்டறைக்குப் போட்டியாகக் கட்டணம் வைத்து, ஓட்டச் செலவு போக மணிக்கு 1,800 ரூபாய்தான் நிற்கும் என்றால், ஏறத்தாழ 278 மணி நேர வேலை மாதாமாதம் வந்தாக வேண்டும். திறனில் பத்தில் ஏழு பங்கு. உறுப்பினர்களின் பழைய பில்களைக் கூட்டினால் அவ்வளவு மணி நேரம் வருகிறதா? வராவிட்டால் சிறிய இயந்திரம் வாங்குங்கள், அல்லது பக்கத்து ஊர்க்காரர்களையும் சேருங்கள்.

புதுப்பித்தல் ஒதுக்கீட்டைப் பலர் இந்தக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறார்கள். மானியத்தில் வந்த இயந்திரம்தானே, அதற்கு எதற்குத் தேய்மானம் என்கிறார்கள். கட்டணம் குறைவாகத் தெரியும், உறுப்பினர்களும் பாராட்டுவார்கள். பத்தாவது ஆண்டில் இயந்திரம் ஓய்ந்ததும் மையமும் ஓயும். இன்னொரு முறை மானியம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. கண்மாயைக் கட்டியது அரசனாக இருக்கலாம், ஆண்டுதோறும் தூர்வாரியது குடிமராமத்து. நம் ஊர்களுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல.

ஆட்கள், அதன் பிறகு நிறுவனம்

மானியம் தனிநபருக்கும் வராது, வெறும் சங்கத்தின் பெயருக்கும் வராது. சிறப்பு நோக்கு நிறுவனம், அதாவது எஸ்.பி.வி. ஒன்றை உறுப்பினர்கள் பதிவுசெய்ய வேண்டும். கூட்டுறவுச் சங்கம், பதிவு பெற்ற சங்கம், அறக்கட்டளை, கம்பெனி எதுவாகவும் இருக்கலாம். எம்.எஸ்.இ.-சி.டி.பி.யில் குறைந்தது பத்து நிறுவனங்கள் சேர வேண்டும். யாருடைய பங்கும் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு உறுப்பினரும் உத்யம் பதிவு எடுத்திருக்க வேண்டும்.

பத்து பேர் என்பது காகிதத்துக்குப் போதும், ஊருக்குப் போதாது. ஒரே குடும்பத்தின் அண்ணன், தம்பி, மாமன், மச்சான் பெயர்களில் பத்து பதிவைக் காட்டி அனுமதி வாங்குவது வெளியே தெரியாமல் போகலாம். ஆனால் பொதுப்பணத்தில் ஒரு குடும்பத்துக்குத் தொழிற்சாலை கட்டிக்கொடுப்பது ஊருக்குச் செய்யும் துரோகம். இரண்டு லேத் வைத்திருக்கும் பட்டறைக்காரர், வீட்டிலேயே வேலை செய்யும் பெண்கள், பங்குத் தொகையைத் தவணையில் மட்டுமே கட்டக்கூடியவர்கள் எல்லாரும் உள்ளே வர வழி வையுங்கள். அவர்களுக்காகத்தான் இந்தத் திட்டமே இருக்கிறது.

உறுப்பினர் விதிகளில் நான்கு விஷயங்கள் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். கட்டணத்தை யார், எப்போது, எந்தக் கணக்கின்படி மாற்றலாம். இயந்திர நேரத்தை எப்படி முன்பதிவு செய்வது. விலகுபவரின் பங்கு யாருக்குப் போகும், என்ன விலைக்கு. பாக்கி வைத்தவருக்கு எத்தனை நாளில் வசதி நிறுத்தப்படும். இவற்றில் முன்பதிவுதான் அதிகச் சண்டைக்குக் காரணம். தீபாவளி சீசனில் பெரிய ஆர்டர் வைத்திருப்பவர் நாள் முழுக்க இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டால், சிறியவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு மூன்றாவது முறை வர மாட்டார். ஒருவருக்கு ஒரு வாரத்தில் இவ்வளவு மணி நேரத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பும், எல்லாரும் பார்க்கும்படி சுவரில் ஒரு பதிவுப் பலகையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மேலாளர் பதவியில் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். உறுப்பினரே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம் என்று தொடங்கும் ஏற்பாடு, அவரவர் பட்டறையில் வேலை நெருக்கும்போது நின்றுவிடும்.

நிலம்

காலதாமதம் இங்கேதான் அதிகம். நிலம் எஸ்.பி.வி. பெயரில் கிரயமாகவோ, பதிவுசெய்த நீண்டகாலக் குத்தகையாகவோ இருக்க வேண்டும். குத்தகை என்றால் குறைந்தது 15 ஆண்டு. உறுப்பினர் ஒருவர் வாய்மொழியாகத் தருகிறேன் என்று சொன்ன இடத்தை நம்பித் திட்ட அறிக்கை எழுதாதீர்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்த்த பிறகு, அந்த சர்வே எண் எந்த நிலப் பயன்பாட்டு வகையில் இருக்கிறது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். விவசாய வகையில் இருந்தால் மாற்ற வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவைப்படும் தொழிலா, உயர் அழுத்த மின்இணைப்பு அந்த இடத்துக்கு வருமா, இருபதடி லாரி திரும்ப வழி இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன் பாருங்கள். சிட்கோ தொழிற்பேட்டையில் மனை கிடைத்தால் இவற்றில் பல தொல்லைகள் குறையும்.

அறிக்கைகளும் அலுவலகங்களும்

முதல் படி மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர். உங்கள் விண்ணப்பம் மாநில அரசின் பரிந்துரையோடுதான் டெல்லிக்குப் போகும் என்பதால் அவரைத் தாண்டிப் போக வழியில்லை, தாண்ட வேண்டியதும் இல்லை. கிண்டியில் உள்ள மத்திய எம்.எஸ்.எம்.இ. அலுவலகத்திலும், கோவை, தூத்துக்குடியில் உள்ள அதன் கிளைகளிலும் நெறிமுறை விளக்கம் கேட்கலாம்.

முதலில் குழுமத்தின் நிலையை ஆராயும் அறிக்கை, பிறகு விரிவான திட்ட அறிக்கை. அதாவது டி.பி.ஆர். இந்த டி.பி.ஆரை எழுதித்தர ஆலோசகர்கள் வருவார்கள். அவர்கள் தேவைதான். ஆனால் வேறு ஊருக்கு எழுதிய அறிக்கையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அறிக்கையில் உள்ள மணிக்கணக்கும், கட்டணமும், உறுப்பினர்களின் பயன்பாட்டு அளவும் நீங்கள் மேசையில் பரப்பிய பில்களோடு பொருந்துகின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். மானியம் வந்தால் இத்தனை விழுக்காடு என்று கூலி பேசுபவரை ஒதுக்குங்கள். திட்டத் தொகை ஊதினால் அவர் வருமானமும் ஊதும். வேலைக்கு இவ்வளவு என்று பேசி, எழுத்தில் வாங்குங்கள்.

இயந்திர விலைப்புள்ளிகளில் ஓர் எச்சரிக்கை. கொட்டேஷன் வாங்கிய நாளுக்கும் ஆர்டர் போடும் நாளுக்கும் இடையே நீண்ட காலம் ஓடிவிடும். வெளிநாட்டு இயந்திரமாக இருந்தால் ரூபாய் மதிப்பும் மாறியிருக்கும். அந்த ஏற்றம் உங்கள் தலையில் விழும் என்று முன்பே பார்த்தோம். உறுப்பினர் பங்கு 60 லட்சம் என்றால் இன்னும் கொஞ்சம் தொகைக்கு எல்லாரிடமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள். பிறகு கேட்டால் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருக்கும்.

பணம் வரும் வழி, கணக்கு வைக்கும் வழி

அனுமதிக் கடிதம் வந்ததும் பணம் வந்துவிட்டதாக நினைத்து உறுப்பினர்கள் பேசத் தொடங்குவார்கள். மத்திய அரசு, மாநில அரசின் செயலாக்க முகமை, எஸ்.பி.வி. ஆகிய மூன்று தரப்பும் ஒப்பந்தம் போட வேண்டும். உங்கள் பங்குத் தொகை வங்கியில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதன் பிறகே தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் முந்தையதைச் செலவிட்ட பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள். அது தாமதித்தால் அடுத்த தவணையும் தாமதிக்கும்.

மானியப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அந்தக் கணக்கில் சேரும் வட்டி உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்ப வேண்டும். வேறு அவசரத்துக்கு அந்தப் பணத்தை இரண்டு வாரம் கைமாற்றாக எடுப்பதும் கூடாது. வாங்குவது எல்லாம் ஒப்பந்தப்புள்ளி முறைப்படி இருக்கட்டும். தலைவரின் உறவினர் நிறுவனம் போட்டியிட்டால் அவர் அந்தக் கொள்முதல் கூட்டத்திலிருந்து விலகி, விலகியதை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுத வேண்டும். மானியத்தில் வாங்கிய சொத்துக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். அரசின் அனுமதியின்றி அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது.

வருமான வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இயந்திரம் வாங்க வந்த மானியத்தை அதன் விலையிலிருந்து கழித்துக்கொண்டு, மீதிக்கு மட்டுமே தேய்மானம் கோரலாம். அப்படிக் கழிக்க இடமில்லாத மானியம் வருமானமாகக் கருதப்படும். முதல் தவணை வரும் முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து எது எந்த வகையில் சேரும் என்று முடிவுசெய்யுங்கள்.

தனித் தேவை என்றால்

பில்களைப் பரப்பிப் பார்த்த பிறகு, தேவை ஊருக்குப் பொதுவாக இல்லை, ஒரு சிலருக்கு மட்டும்தான் என்று தெரியலாம். அதில் குறை ஒன்றுமில்லை. அவர்கள் தனித் திட்டங்களுக்குப் போகட்டும். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான புதிய திட்டங்களுக்கு, இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு மானியம் உண்டு. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் 25 விழுக்காடு, 75 லட்சம் வரை தருகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு, ஒன்றரைக் கோடி வரை. புத்தொழில் முயற்சி என்றால் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் ‘டான்சீட்’ ஆதார நிதியைப் பாருங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அடுத்த அத்தியாயங்களில் தனித்தனியே விண்ணப்ப முறை இருக்கிறது.

பொதுத் தேவை உறுதியாகிவிட்டால், இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உறுப்பினராகச் சேர விரும்புகிறவர்களிடம் கடந்த பன்னிரண்டு மாத ஜாப் ஒர்க் பில்களின் நகலும், மையம் வந்தால் மாதம் எத்தனை மணி நேரம் எடுப்பேன் என்ற கையெழுத்திட்ட கடிதமும் வாங்குங்கள். கடிதம் தரத் தயங்குபவரின் பெயரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தக் கோப்போடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.